அடக்கம் முடியும்வரை

எம்.பி. கஸ்பாருடைய குரல் மட்டும் தனியாக ஊருக்கு வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை பஸ்சில். ஜன்னலோர சீட்டு சும்மா கிடக்கிறதே என்று உட்காரப் போன கருவாட்டுக்காரி ஒருத்தியிடம், "அம்மா, இங்க ஆள் இருக்கு, தப்பா நினைக்கப்படாது" என்று அந்த வெறும் சீட்டு சொன்னதாம். அவளும் சரி என்று கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றே வந்தாளாம். கண்டக்டர்தான் கொஞ்சம் எகிறியிருக்கிறார். "ஆளு இல்லாட்டியும் சீட்ட அடைச்சிருக்குல்லா, டிக்கெட்டு யாரு எடுப்பா?" என்று அவர் கேட்க, எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் மாநிலங்களவை உறுப்பினருக்குச் சலுகை என்று குரல் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க, அவர் விசிலை ஊதிவிட்டுப் பின்வாசலுக்குப் போய்விட்டார். சாளைத்துறை நிறுத்தத்தில் படி அழுந்தியது, யாரும் இறங்கவில்லை, செருமல் மட்டும் ஒன்று கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வேட்டியை இறக்கிவிட்டார்கள். கஸ்பார் அண்ணன் செருமினால் நாங்கள் எழுந்து நிற்பது வழக்கம்.

என் பெயர் இன்னாசி. மைக்செட் இன்னாசி என்று கேட்டால் கடற்கரையில் ஒன்பது ஊருக்கும் தெரியும். ஆட்டோவின் தலையில் குழாயைக் கட்டிக்கொண்டு கொடியேற்றம், கல்யாணம், காணாமல் போன ஆடு, சாவு என்று எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்கிற வேலை என்னுடையது. இந்தக் கதையில் ஒரு குற்றவாளி உண்டென்றால் அது டெல்லியில் இல்லை, நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மழுப்பிவிட்டேன் என்று யாரும் பேசக்கூடாது.

கஸ்பார் அண்ணன் மேல்சபையில் மூன்று தவணை, பதினெட்டு வருஷம் இருந்தார். முதல் தவணையில் அவர் எழுந்தால் சபையில் இருமல்கூட அடங்கும் என்பார்கள். விசாரணை இல்லாமல் மனிதர்களை ஜெயிலில் போடுகிற மசோதா வந்தபோது நாற்பத்திரண்டு நிமிஷம் பேசினார். கடற்கரை மசோதா என்று ஒன்று, ஒன்பது ஊரையும் எடுத்துவிட்டுத் துறைமுகம் கட்டுகிற மசோதா, வந்தபோது ஒரு மணி நேரம் பேசினார். அரிசிக்குப் பேசினார், ரயிலுக்குப் பேசினார், எல்லை தாண்டிப் பிடிபட்ட எங்கள் பையன்களுக்குப் பேசினார், எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத மலைநாட்டுச் சனங்களுக்காகவும் பேசினார், அதையெல்லாம் நான் ரேடியோவைக் குழாயோடு இணைத்து ஊர் முழுக்கக் கேட்க வைத்தேன். கடற்கரை மசோதா அந்த ஒரு மணி நேரத்தோடு குழுவுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. இரண்டாம் தவணையில் பேச்சு குறைந்தது, வெளிநடப்பு கூடியது. மூன்றாம் தவணையில் அவருடைய கட்சி ஆளுங்கூட்டணியில் சேர்ந்தது, மேலேயிருந்து உத்தரவு வர ஆரம்பித்தது, அந்த ஜெயில் மசோதா பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. எதை நாற்பத்திரண்டு நிமிஷம் எதிர்த்தாரோ அதே மசோதாவுக்கு, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கஸ்பார் அண்ணன் "ஆம்" என்று சொன்னார். சொன்ன வாய் மூடியது, அதன் பிறகு அதிலிருந்து எதுவும் வரவில்லை.

குரல் நேரே அவருடைய அக்காள் வியாகுலத்தாள் வீட்டுக்குப் போனது. கல்யாணம் ஆகாதவள், கருவாட்டு வியாபாரம், வாயில் பட்டாசு. "வா, வந்தியா? ஒடம்ப எங்க விட்டுட்டு வந்த?" என்று கேட்டாளே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஜன்னல் திட்டில் ஒரு டம்ளர் சீரகத்தண்ணீர் வைத்தாள். காலையில் பார்த்தால் தண்ணீர் பாதி இறங்கியிருந்தது. அன்றிலிருந்து அது அங்கேதான்.

முதல் ஒரு வருஷம் எங்களுக்குப் பொற்காலம். ரேஷன் கடையில் வரிசை நின்றால், வரிசையில் எங்கிருந்தோ குரல், "மாண்புமிகு விற்பனையாளர் அவர்களே, அந்தத் தராசின் தட்டுக்கு அடியில் ஒட்டியிருப்பது என்ன?" என்று கேட்கும்; அவன் தட்டைத் தட்டிவிட்டுச் சரியாக நிறுத்துப் போடுவான். தாலுகா ஆபீசில் எங்கள் விண்ணப்பங்களை அது படித்துக்காட்டினால் கிளார்க்குகள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் தலையைத் தூக்குவார்கள். பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்தால், "அவையின் நேரம் கருதி" என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். பங்குச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பிரசங்கம் சுருங்கியது.

கஸ்பார் அண்ணனைப் பற்றியும் பேப்பரில் வந்துகொண்டுதான் இருந்தது. பேசாத எம்.பி.க்குக் கட்சியில் மரியாதை கூடிவிட்டது. துணைத் தலைவர் பதவி கொடுத்தார்கள், முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள், போட்டோவில் நடுவில் நிறுத்தினார்கள். எந்த விவாதத்திலும் தலையை ஆட்டுவார், கையைத் தூக்குவார், பொத்தானை அமுக்குவார். அக்காள் பேப்பரை மடித்துக் கருவாடு பொதிந்துவிடுவாள்.

இரண்டாம் வருஷம் என் அப்பா இறந்தார்.

இறந்தால் எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. துக்கமணி அடித்ததும் அறிவிப்புக்காரன் நான்கு திசைக்கும் சேதி சொல்ல வேண்டும். சேதி காதில் விழுந்ததும் வள்ளங்கள் எல்லாம் கரைக்கு ஏறிவிட வேண்டும், அடக்கம் முடியும்வரை யாரும் கடலில் கால் வைக்கக்கூடாது. சேதி சொன்னவனோ, சொன்ன நேரத்திலிருந்து குழியை மூடுகிற நேரம் வரை வாயே திறக்கக்கூடாது, தண்ணீர் வேண்டும் என்றால்கூடச் சைகைதான். செத்தவருடைய பெயர்தான் அவன் நாக்கில் கடைசியாக இருக்க வேண்டும் என்பார்கள். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் அப்படிச் சொன்னவன் நான், என் அப்பாவுக்குச் சொல்ல முடியவில்லை. மைக்கைப் பிடித்தால் அப்பா பெயர் வரமாட்டேன் என்கிறது. ஓடிப்போய் வியாகுலத்தாள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று, "அண்ணே, ஒரே ஒரு தடவை" என்று அழுதேன்.

சொன்னது. அம்மாடி, எப்படிச் சொன்னது! குழாய் வேண்டாம், கரண்டு வேண்டாம், ஒன்பது ஊரிலும் ஒரே நேரத்தில் கேட்டது: "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். சாளைத்துறை, மேலத்தெருவைச் சேர்ந்தவரும், இன்னாசியின் அன்புத் தந்தையுமான…" நடுக்கடலில் நின்ற வள்ளங்கள்கூட மூக்கைத் திருப்பின. ஒரு சாதாரணக் கட்டுமரக்காரனுடைய அடக்கத்துக்கு ஒன்பது ஊர் வந்து நின்றது. அடக்கம் முடியும்வரை குரலும் முறைப்படி வாய் திறக்கவில்லை, சீரகத்தண்ணீர்கூட இறங்கவில்லை என்றாள் வியாகுலத்தாள்.

அதற்குப் பிறகு என் குழாயை யார் கேட்பார்கள்? செத்தால் எம்.பி. குரலில்தான் சேதி போக வேண்டும் என்று ஆகிவிட்டது. படுக்கையில் கிடந்த பெருசுகள் மகன்களைக் கூப்பிட்டு, "எனக்கும் அந்தக் கொரல்தான், கேட்டுக்கிடுங்க" என்று சத்தியம் வாங்கினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், உங்கள் எம்.பி. எங்களுக்கும்தானே எம்.பி. என்று சண்டைக்கு வந்தார்கள். மேலத்தெருக்காரனுக்கு ஆறு வரி சொன்னது, எங்கள் தாத்தாவுக்கு நாலு வரிதானா என்று கீழத்தெருவில் ஒரு குடும்பம் வியாகுலத்தாள் வீட்டு முற்றத்தில் மறியலே பண்ணியது. நான் என்ன செய்தேன்? ஆட்டோவில் முன்சீட்டைத் துடைத்து அதற்கென்று ஒதுக்கி, ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனேன். போன இடமெல்லாம் எனக்கும் காப்பி, பலகாரம், ராஜ உபசாரம். வெட்கமில்லாமல் தின்றேன்.

நாலு வருஷம், முந்நூற்றுச் சொச்சம் சாவு. புயல் அடித்த வருஷம் மட்டும் ஒரே வாரத்தில் இருபத்தொன்று. கொஞ்சம் கொஞ்சமாக அது தேய்வது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ரேஷன் கடையில் ஒருநாள், "மாண்புமிகு விற்பனையாளர் அவர்களே" என்று ஆரம்பித்து நின்றது. நின்று, தடுமாறி, "அன்னார்" என்றது. தாலுகா ஆபீசில் முதியோர் உதவித்தொகை மனுவை எடுத்துப் படித்தது, மூன்றாவது வரியில் மனுக்காரியை அடக்கம் பண்ணிவிட்டது. மனுக்காரி பக்கத்திலேயே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போது நானாகப் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பேன். "அண்ணே, அந்தக் கடற்கரை மசோதாவுக்கு ஒரு மணி நேரம் பேசுனீங்களே, அத ஒருக்கச் சொல்லுங்களேன்." மெதுவாக, "உற்றார் உறவினர் அனைவரும்" என்று வரும். ஆனாலும் நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அதை ஓய்வெடுக்க விட்டுவிடுவார்களே, நான் பழையபடி ஆடு காணாமல் போனதை அறிவிக்க வேண்டுமே என்ற புத்தி. நாசமாய்ப் போன புத்தி.

கடற்கரை மசோதா திரும்பி வந்தது. பதினெட்டு வருஷத்தின் கடைசிக் கூட்டத்தொடர். இந்தத் தடவை குழுவும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை, ஒரே நாளில் எடுத்து ஒரே நாளில் முடிப்பது என்று பேச்சு. கஸ்பார் அண்ணன் ஊருக்கு வந்தார். அதே பன்னிரண்டரை பஸ். டீக்கடையில் யாரும் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் அவர் செருமவில்லை. இளைத்து, சட்டை தோளில் நிற்காமல், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அக்காள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"என்ன வேணும்?" என்றாள் வியாகுலத்தாள், உள்ளே கூப்பிடாமல்.

அவர் எழுதிக் காட்டினார். அவளுக்குப் படிக்க வராது, நான்தான் வாசித்தேன். "என் குரல் வேணும் அக்கா. வர்ற புதன்கிழமை ஓட்டு. எதுத்துப் பேசப்போறேன். கட்சிய விட்டுத் தூக்கட்டும், ஜெயில்ல போடட்டும்."

"தொரத்துனவன் நீதானல?"

அவர் மறுபடி எழுதினார். பேனா இரண்டு தடவை தாளைக் கிழித்தது. "தொரத்தல அக்கா. என் வாயில இருக்க அதுக்கு வெக்கமாப் போயிட்டு."

வியாகுலத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "உள்ள வா. சாப்பிட்டியா?" என்றாள்.

அன்று கீழத்தெருவில் ஒரு சாவு கிடந்தது. அந்த வீட்டார் வந்து, இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று கையைப் பிடித்தார்கள். ஊரும் அதைத்தான் சொன்னது. கஸ்பார் அண்ணனே தலையை ஆட்டினார், அந்த வீட்டுக்காரர் அவருக்காகக் கட்சிக்கொடி தூக்கியவர். குரல் சொன்னது, அடக்கம் முடிந்தது, குழி மூடியது. அதன் பிறகு வியாகுலத்தாள் ஜன்னல் திட்டு டம்ளரை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செருமினார். வாசலில் நின்ற ஊரே நிமிர்ந்தது.

ரயில்வே ஸ்டேஷனுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். "வாரேன் இன்னாசி" என்றார், பழைய கணீர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும். அண்ணே, அதுக்கு இப்போ ஒரே ஒரு பேச்சுதான் தெரியும், வழியெல்லாம் பேசிப் பேசிப் பழக்குங்க, பழசையெல்லாம் சொல்லிக்கொடுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். வண்டி ஊதியது. "நல்லபடியாப் போய்ட்டு வாங்கண்ணே" என்றேன்.

புதன்கிழமை கோயில் மைதானத்தில் பெரிய டி.வி. வைத்தோம். என் குழாய்கள் நான்கையும் கட்டினேன். விடியக்காலையில் போன வள்ளங்கள் கடலிலேயே இருந்தன, குழாய்ச் சத்தம் அங்கே வரைக்கும் கேட்க வேண்டும் என்று வாயைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். பகல் பன்னிரண்டரைக்கு, சாளைத்துறையைச் சேர்ந்த கஸ்பார் பேசுவார், மூன்று நிமிஷம் என்று அவைத் தலைவர் சொன்னார்.

கஸ்பார் அண்ணன் எழுந்தார். அவருடைய கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வருஷமாக எழாதவர். "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே" என்றார். மைதானத்தில் விசில் பறந்தது. "என் ஊர்" என்றார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "என் ஊர், சாளைத்துறை" என்றார். அவருடைய கண் எதையோ தேடியது, உதடு ஒரு பக்கம் போக முயன்றது, குரலோ முந்நூறு தடவை போன வழியில் இறங்கிவிட்டது.

"ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். கடல்மாதாவின் அருமை மகளும், எண்ணூறு குடும்பங்களின் அன்புத் தாயாருமான சாளைத்துறை, தன் எட்டுச் சகோதரிகளுடன், இன்று பகல் பன்னிரண்டரை மணியளவில் இறைவனடி சேர்ந்தார். அன்னாரது நல்லடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு நடைபெறும். உற்றார் உறவினர் அனைவரும் வந்திருந்து…"

கடைசி வரை சொன்னது, ஒரு எழுத்து பிசகவில்லை. காதில் மாட்டியிருந்த கருவியில் அவரவர் மொழியில் அதைக் கேட்ட உறுப்பினர்கள் முகம் மாறினார்கள். யாரோ பெரிய அம்மாள் இறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்களோ, உறுப்பினரின் தாயார் என்று நினைத்தார்களோ, அவைத் தலைவர் எழுந்து, அவையின் அனுதாபத்தைத் தெரிவித்து, எல்லோரும் மௌனமாக நிற்கும்படி கேட்டுக்கொண்டார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். நல்ல மரியாதையாகத்தான் நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். அந்த அமைதியிலேயே அவைத் தலைவர் மசோதாவைக் குரல் வாக்கெடுப்புக்கு விட்டார். ஆம் என்பவர்கள் ஆம் என்றார்கள். இல்லை என்பவர்கள் சொல்லலாம் என்றார். இழவுக்கு நின்றுவிட்டு உடனே கத்துவதற்கு எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வாய் வரவில்லை. கஸ்பார் அண்ணன் ஒருவர்தான் எழுந்து நின்று வாயைத் திறந்தார். திறந்த வாய் டி.வி.யில் பெரிதாகத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

எங்கள் ஊர் முறை அது. சேதி சொன்ன குரல் அடக்கம் முடியும்வரை திறக்காது.

மசோதா நிறைவேறியது என்றார் அவைத் தலைவர். மைதானத்திலிருந்து கடலைப் பார்த்தால் வள்ளங்கள் எல்லாம் மூக்கைத் திருப்பிக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. யார் செத்தது என்று இறங்கினவன் ஒவ்வொருவனும் கேட்டான். கோயிலில் துக்கமணி அடித்துவிட்டார்கள். குழி வெட்டுகிறவன் வழக்கப்படி கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டிவிட்டான். நாலு மணிக்கு ஒன்பது ஊரும் வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து குழியைச் சுற்றி நின்றது. இறக்குவதற்கு ஒன்றும் இல்லை. பங்குச்சாமி புத்தகத்தைத் திறந்தார், மூடினார்.

"சும்மா ஒரு பிடி மண்ணப் போட்டு மூடிரலாம்" என்று ஒருவர் சொன்னார். "மூடுனாத்தான் கஸ்பாருக்குப் பேச்சு வரும். நமக்கும் கடலுக்குப் போவ வேண்டாமா?"

வியாகுலத்தாள் குழி விளிம்பில் வந்து நின்றாள். "எவனாவது மண்ணத் தொட்டியளோ, கைய ஒடிச்சிருவேன். மூடுனா ஊரு செத்தது நெசமாயிரும். இன்னும் உசுரு இருக்குல."

அவள் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. ஊர் இருக்கிறது, எப்படி மூட முடியும்? குழி மூடவில்லை, எப்படிக் கடலுக்குப் போக முடியும்? மற்ற எட்டு ஊரும் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வள்ளத்தை இறக்கியது. நாங்கள் இறக்கவில்லை. பையன்கள் தூரத்து ஊர்களுக்குக் கூலிக்குப் போனார்கள், அங்கேயுள்ள கடலில் இறங்குவதற்கு முறை குறுக்கே நிற்காது. வள்ளங்களின் அடியில் கோழி முட்டையிட்டது. கஸ்பார் அண்ணனுக்குக் கட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மசோதா அமைதியாக நிறைவேற உதவியதற்கு நன்றி, தாயாரின் மறைவுக்கு அனுதாபம். பதவிக்காலம் முடிந்து வந்து அக்காள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். டம்ளரில் சீரகத்தண்ணீர் வைப்பாள். இரவு வைத்தது காலையில் அப்படியே இருக்கும்.

ஏழாவது மாதம் ஒரு காலையில் வந்தார்கள். போலீசு முன்னால், அதிகாரிகள் நடுவில், புல்டோசர்கள் பின்னால். எதிர்க்கிறவர்கள் இருந்தால் இப்போது சொல்லலாம் என்று ஓர் அதிகாரி என்னுடைய குழாயையே வாங்கி அறிவித்தார். நான் கொடுத்தேன். கேட்டவரிடம் துப்பாக்கி இருந்தது. வீடுகளை ஒன்றும் செய்யவில்லை, மேற்குப் பக்கத்திலிருந்து சமன் பண்ண ஆரம்பித்தார்கள். மேற்கில் கல்லறைத் தோட்டம். வியாகுலத்தாள் ஓடினாள், நாங்கள் ஓடினோம், கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். டிரைவர் சின்ன வயசுக்காரன், வடக்கேயிருந்து வந்தவன், அவனுக்கு அது வெறும் பள்ளம். மண்ணைத் தள்ளினான். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. மூன்றாவது தள்ளில் குழி மூடியது.

அந்த நிமிஷம், அக்காள் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த கஸ்பார் அண்ணன் எழுந்து நின்று, சொன்னார்.

"இல்லை."

ஒன்பது ஊருக்கும் கேட்டது. நடுக்கடலில் மற்ற ஊர் வள்ளங்கள் நின்றன. கோயில் மணி தானாக ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. ஏழு மாதத்துக்கு முன்னால் டெல்லியில் எழுந்து நின்று திறந்த வாயிலிருந்து வர வேண்டியது, ஒரு குறையும் இல்லாமல், பழைய கணீரோடு, அன்றைக்கு வந்தது. புல்டோசர்க்காரன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சத்தம் அது?" என்று அவன் மொழியில் கேட்டான்.

"ஒண்ணுமில்ல, நீ ஓட்டு" என்றார் அதிகாரி. அவன் ஓட்டினான்.